காத்திருக்கிற நாளும் வைத்தியம்தான்

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது.

நீ அனுப்பிய எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை நேற்று ராத்திரியே படித்துவிட்டேன். இடுப்பின் கடைசி எலும்பான எல் 5-க்கும் அதன் கீழே இருக்கும் எஸ் 1-க்கும் நடுவிலுள்ள ஜவ்வு (டிஸ்க்) இடது பக்கமாகப் பிதுங்கி நரம்பு வேரை அழுத்துகிறது. பின்தொடையில் ஆரம்பித்து கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரைக்கும் சுரீரென்று இழுப்பதும், பாதத்தின் வெளிப்பக்கம் மரத்துப்போவதும் அந்த நரம்பு போகிற பாதைதான். போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். எலும்பு வார்டில் இத்தனை வருஷம் நர்ஸாக இருந்தவள் சொல்வதாகவும் எடுத்துக்கொள்.

ரிப்போர்ட்டில் 'பெரிய பிதுக்கம்' என்று போட்டிருப்பதைப் பார்த்துத்தான் நீ மிரண்டு போயிருக்கிறாய். ஆனால் வெளியே நன்றாகப் பிதுங்கி வந்த ஜவ்வுதான் அதிகமாகச் சுருங்குகிறது. அது இருக்க வேண்டிய இடத்தை விட்டு வந்துவிட்டதால் உடம்பு அதை வேற்றுப் பொருளாகப் பார்க்கிறது. ரத்தத்திலிருந்து வரும் அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தின்று கரைக்கின்றன, ஜவ்விலிருக்கும் நீரும் வற்றுகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015-ல் வந்த ஒரு கட்டுரையில், உன் மாதிரி பிதுங்கியவர்களில் 100-க்கு 70 பேருக்கு ஆபரேஷன் இல்லாமலே அது சுருங்கியிருந்தது. சும்மா லேசாக உப்பியிருந்தவர்களில் 100-க்கு 13 பேருக்குத்தான். ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க நீ காத்திருக்கிற இந்த நாட்களில் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

பெரிய மாமா தினமும் போன் பண்ணி, "சென்னைக்கு வரச் சொல்லு, ஒரே வாரத்தில் ஆபரேஷன் பண்ணி அனுப்பிடலாம்" என்கிறார். பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் எனக்கு அதில் சம்மதமில்லை. இந்த வலியோடு இங்கிலாந்தில் பர்மிங்காமிலிருந்து அத்தனை மணி நேரம் விமான சீட்டில் உட்கார்ந்து வருவதே பெரிய பாடு. தேதி சீக்கிரம் கிடைக்கிறது என்பதற்காக முதுகில் கத்தி வைக்கக் கூடாது. நெதர்லாந்தில் 283 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து 2007-ல் வெளியிட்டார்கள். சீக்கிரமே ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கால்வலி வேகமாக விட்டது, உண்மை. ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், சீக்கிரம் செய்தவர்கள், காத்திருந்தவர்கள் என்று இரண்டு பக்கமும் 100-க்கு 95 பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 10-க்கு 4 பேர் வலி தாங்காமல் நடுவில் ஆபரேஷன் செய்துகொண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உனக்கும் அப்படித் தேவைப்பட்டால் தாராளமாகச் செய்துகொள்ளலாம், அதில் தோல்வி ஒன்றுமில்லை. ஆனால் அதை உன் காலைத் தொட்டுப் பார்த்த டாக்டர் சொல்லட்டும். அப்புறம், அங்கே யாரோ சுளுக்கு எடுப்பவர் இருக்கிறாராம் என்று மருமகள் சொன்னாள். நரம்பு அழுந்தியிருக்கும்போது இடுப்பை முறுக்கி நெட்டி எடுக்க விடவே கூடாது.

இனி உன் அன்றாடம். நாள் முழுக்கப் படுத்துக் கிடக்காதே. வலி உச்சத்தில் இருக்கும்போது ஓரிரு நாள் ஒடுங்கியிருக்கலாம், அதற்கு மேல் படுக்கை உடம்பைக் கெடுக்கும். வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி நட. உனக்குப் பெரிய எதிரி நாற்காலிதான். முன்னால் குனிந்து உட்காரும்போது ஜவ்வில் ஏறுகிற அழுத்தம் நிற்கும்போது ஏறுவதை விட அதிகம். லேப்டாப்பை அடுப்படி மேடையில் வைத்து நின்றபடி வேலை பார். அரை மணிக்கு மேல் ஒரே நிலையில் இருக்காதே. வலி மிஞ்சினால் தரையில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால் இரண்டையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொள். என் வார்டில் மாத்திரைக்கு முன்னால் பலருக்குச் சுகம் கொடுத்தது இதுதான்.

காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் குனியவே குனியாதே. ராத்திரி படுத்திருக்கும்போது ஜவ்வு நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், அந்த நேரத்தில் குனிந்தால் அழுத்தம் கூடுதல். சாக்ஸை மருமகள் மாட்டிவிடட்டும். கட்டிலிலிருந்து நேராக நிமிராமல், ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழு. தும்மல் வந்தால் சுவரில் ஒரு கையை ஊன்றி, முட்டியை லேசாக மடக்கி, முதுகை நேராக வைத்துத் தும்மு. பாப்பா தூக்கச் சொல்லி அழுதால் நீ சோபாவில் உட்கார்ந்துகொள், அவளே ஏறி மடிக்கு வரட்டும்.

பாராசிட்டமால் 500 மில்லிகிராம் என்றால் 24 மணி நேரத்தில் 8 மாத்திரைக்கு மேல் கூடாது. சளி மாத்திரையிலும் அது கலந்திருக்கும், கவரைப் பார்த்துப் போடு. இபுப்ரோஃபென் வெறும் வயிற்றில் வேண்டாம். டாக்டர் கொடுத்த கோடீன் வலி மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும். முக்கினால் இடுப்பு இன்னும் கத்தும், அதனால் தண்ணீர், கீரை, பழம் எதையும் விடாதே. நண்பர் தருகிறாரென்று பிரிகாபலின் என்கிற நரம்பு வலி மாத்திரையை வாங்கிப் போடாதே.

இப்போது சொல்லப்போவதை மருமகளும் படிக்கட்டும். கூச்சப்படாதே. சைக்கிள் சீட்டில் படுகிற இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் முட்டியும் வராவிட்டாலோ, போவதே தெரியாமல் போனாலோ, மலம் அடக்க முடியாவிட்டாலோ, இரண்டு காலும் பலம் இழந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. 111 என்கிற மருத்துவ ஆலோசனை எண்ணுக்குப் போன் பண்ணி வரிசையில் நிற்காமல் நேரே ஏ அண்ட் இ என்கிற அவசரப் பிரிவுக்குப் போ, போக முடியாவிட்டால் 999-க்குப் போன் பண்ணி ஆம்புலன்ஸைக் கூப்பிடு. என் வார்டுக்கு ஒரு லாரி டிரைவர் வந்தார். கால்வலி என்று மட்டும்தான் சொன்னார். பெட்ஷீட்டைச் சரிசெய்கிற சாக்கில் "ஒன்னுக்குப் போனீங்களாண்ணே?" என்று கேட்டபோதுதான், முந்தின நாள் காலையிலிருந்தே போகவில்லை என்றார். பொம்பளையிடம் எப்படிச் சொல்வதென்று இருந்துவிட்டாராம். அன்று ராத்திரியே ஆபரேஷன் நடந்தது. நீ அப்படி மறைக்கக் கூடாது.

வாரம் ஒரு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று, குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் 10 தடவை எழும்பிப் பார். முதலில் வலது கால், அப்புறம் இடது. இடது காலில் தூக்க முடிகிற எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் குறைந்தால் நரம்பு பலம் இழக்கிறது என்று அர்த்தம். உடனே உன் குடும்ப டாக்டரான ஜி.பி.யைக் கூப்பிட்டு அதைச் சொல். 'வலிக்குது' என்று சொல்வதைவிட 'போன வாரம் 8 தடவை தூக்கினேன், இப்போ 3 தான் முடியுது' என்றால் அவர் ஸ்பெஷலிஸ்டுக்கு எழுதுகிற கடிதம் வேகமாகப் போகும். ஸ்பெஷலிஸ்ட் சிகிச்சை 18 வாரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும் என்பது அங்கே அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். வைத்திருக்கும் இலக்கு, பலருக்கும் அதைத் தாண்டித்தான் போகிறது. ஸ்பெஷலிஸ்டின் செக்ரட்டரியிடம் பேசி, யாராவது வராமல் போனால் அந்த நேரத்துக்கு உன்னைக் கூப்பிடச் சொல்லி வை. ஆபீஸில் வேலையைக் குறைக்கத் தயங்கினால் ஜி.பி.யிடம் ஃபிட் நோட் என்கிற டாக்டர் சான்றைக் கேள், வேலையை எப்படி மாற்ற வேண்டும் என்பதையும் அதில் எழுதலாம்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். இடது கால் எத்தனை தடவை எழும்பியது என்று எண்ணி வை.

அன்புடன்,
அம்மா