அத்தானுக்கு, கிஸ்மிஸ் பத்தி ஒரு கடிதம்

அன்புள்ள அத்தான்,

தீபாவளிக்கு உங்க வீட்டுக்கு வந்தப்ப பாதியில விட்டுட்டு வந்த சண்டை இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. போன்ல பேசலாம்தான், ஆனா நீங்க ரெண்டாவது நிமிஷமே "சரி சரி, சாப்டியா"ன்னு ஆரம்பிச்சிருவீங்க, அதான் எழுதுறேன். நான் ரிபப்ளிகன் பக்கம் சாஞ்சது உங்களுக்குப் பிடிக்கலங்கறது தெரியும், பரவால்ல. ஆனா அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்களே, "சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிறவனுக்கு கவர்மென்ட்டப் பாத்து என்னடா பயம்"னு, அது மட்டும் எனக்கு செரிக்கவே இல்ல. அப்ப அக்கா பாயாசத்துக்கு நெய்யில கிஸ்மிஸ் வறுத்துட்டிருந்தாங்க, ஒவ்வொண்ணா உப்பி உப்பி மேல வந்துச்சு, அதப் பாத்ததும் எனக்கு கலிஃபோர்னியா ஃப்ரெஸ்னோ பக்கத்து கிஸ்மிஸ் விவசாயி ஒருத்தரோட கேஸ் ஞாபகம் வந்து சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள இலை போட்டாச்சுன்னு கூப்பிட்டுட்டாங்க.

அந்த ஊரு உங்களுக்கு ஒண்ணும் தூரம் இல்ல, கார எடுத்தா மூணு மணி நேரம். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்குல போனீங்கன்னா கொடி வரிசைக்கு நடுவுல மண்ணு மேல பேப்பர விரிச்சு பச்சை திராட்சையக் கொத்துக் கொத்தாப் பரப்பியிருப்பாங்க, நம்ம பாட்டி மொட்டை மாடியில வத்தல் போடுவாங்களே அந்த மாதிரி. ரெண்டு மூணு வாரம் வெயில்ல கிடந்து சுருங்கணும். நடுவுல ஒரு மழை பெஞ்சா அந்த வருஷம் அவ்வளவுதான்.

இப்படிக் காயவெச்சு வித்துப் பொழச்சவர்தான் மார்வின் ஹார்ன். அவரும் அவர் வீட்டம்மாவும் சொந்தமா விளைவிச்சு சொந்தமாவே பேக் பண்ணாங்க. ஒருநாள் காலைல எட்டு மணிக்கு கவர்மென்ட் லாரி வந்து நிக்குது. எதுக்கு? கிஸ்மிஸ் அள்ளிட்டுப் போக. விலை குடுத்து இல்ல அத்தான், சும்மா. அந்த சீசன், அதாவது 2002-03ல, பயிர்ல நூத்துக்கு 47 பங்கு "ரிசர்வ்"னு ஒதுக்கிடணும், அடுத்த சீசன்ல 30 பங்கு. நம்ம ராஜாக்கள் ஆறுல ஒரு பங்கு வாங்கினதுக்கே நாம எத்தனை கதை சொல்றோம், இங்க கிட்டத்தட்ட பாதி. ஹார்ன் லாரிய உள்ள விடல.

இது திருட்டு இல்ல, சட்டப்படி. அதான் விஷயமே. 1930கள்ல விலை அடியோட விழுந்து விவசாயி செத்துட்டிருந்தப்ப, 1937ல ஒரு சட்டம் போட்டாங்க, அதுக்குக் கீழ 1949ல கிஸ்மிஸுக்குன்னு ஒரு ஆர்டர், அத நடத்த ஒரு கமிட்டி. கமிட்டியில இருந்தவங்க யாரோ வில்லனுங்க இல்ல, பெரும்பாலும் அதே தொழில்ல இருக்கிற ஆளுங்கதான், விவசாயத்துறை அமைச்சர் நியமிக்கிறது. மார்க்கெட்டுல சரக்கக் கொறச்சா விலை நிக்கும்ங்கறது கணக்கு. எடுத்த சரக்க வெளிநாட்டுக்கு விப்பாங்க, இல்லன்னா ஸ்கூல் சாப்பாட்டுக்குக் குடுப்பாங்க, செலவு போக மிச்சம் இருந்தா விவசாயிக்கு. மிச்சம் எவ்வளவு தெரியுமா? ஒரு வருஷம் விளைவிச்ச செலவுக்கே பத்தல, அடுத்த வருஷம் ஒண்ணுமே இல்ல.

லாரிய திருப்பி அனுப்பினதுக்கு ஹார்னுக்கு ஃபைன், அந்தக் கிஸ்மிஸோட விலை சுமார் 4,80,000 டாலர், அதுக்கு மேல அபராதம் 2,00,000 சொச்சம். கோர்ட்டுக்குப் போனா கவர்மென்ட் வக்கீல் சொல்றது, முதல்ல பணத்தக் கட்டு, அப்புறமா தனியா வேற கோர்ட்டுல கேஸ் போட்டு திருப்பிக் கேளு. கேக்கவே எரியுது. அத உடைக்கவே 2013ல ஒரு தடவ சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு, அதுல ஒன்பது பேரும் அவர் பக்கம். திரும்பக் கீழ போயி, கீழ தோத்து, 2015 ஜூன்ல மறுபடி மேல வந்துதான் முடிஞ்சது. எடுத்துக்கிட்டா காசு குடுக்கணும், வீட்ட எடுத்தாலும் சரி, கார எடுத்தாலும் சரி, கிஸ்மிஸ எடுத்தாலும் சரின்னு தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். 1215 மேக்னா கார்ட்டாவுலயே ராஜாவோட ஆளு தானியத்த எடுத்தா கையோட காசு குடுக்கணும்னு இருக்குன்னு எடுத்துக் காட்டினார். பிடிக்கலன்னா திராட்சைய வைனுக்கு வித்துக்கலாமேன்னு கவர்மென்ட் சொன்னதுக்கு அவர் ஒரு குத்து குத்தியிருப்பார் பாருங்க, ரொட்டி இல்லன்னா கேக் சாப்பிடச் சொன்ன கதை மாதிரி. உங்களுக்குப் பிடிச்ச லிபரல் ஜட்ஜுங்க கேகன், கின்ஸ்பர்க், ப்ரேயர் மூணு பேரும் இது பறிப்புதான்னு ஒத்துக்கிட்டாங்க, சோட்டோமேயர் மட்டும்தான் மறுத்தது. அப்ப இத கன்சர்வேடிவ் வெறின்னு தள்ள முடியாதுல்ல?

1949லேர்ந்து 2015, அறுபத்தாறு வருஷம் அத்தான். விலை விழுந்த கஷ்ட காலத்துச் சட்டத்தால வந்த ஏற்பாடு அந்தக் கஷ்டம் போனப்புறமும் உக்காந்தே இருந்துச்சு, ஏன்னா யாரும் அத நிறுத்தற அளவுக்குப் படிக்கவே இல்ல. இதுல சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் யாரு, கட்டுப்படாதவன் யாரு? காசு குடுக்காம எடுக்காதேன்னு அமெரிக்க அரசியல் சட்டத்தோட ஐந்தாவது திருத்தம் 1791லேர்ந்து இருக்கே, அத மீறினது ஹார்னா?

நீங்க உடனே கேப்பீங்க, உங்க ஆளு மட்டும் யோக்கியமான்னு. கேளுங்க, நியாயம்தான். 1977 அவசரநிலைச் சட்டத்த வெச்சு 2025 ஏப்ரல்ல உலகம் பூரா டாரிஃப், அதான் இறக்குமதி வரி, போட்டாரே ட்ரம்ப், அந்தச் சட்டத்துல டாரிஃப்ங்கற வார்த்தையே கிடையாது, வரி போடறது காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தோட வேலை. அவருக்கு ஓட்டுப் போட்டவன்தான் நான், இருந்தாலும் எனக்கு அது பிடிக்கல, எங்க வாட்ஸப் குரூப்ல இதச் சொல்லி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஆனா பைடன் 2003 சட்டம் ஒண்ண வெச்சு 400 பில்லியன் டாலர் ஸ்டூடன்ட் லோன தள்ளுபடி பண்ணப் பாத்தப்ப நீங்க ஸ்வீட் வாங்கிட்டு வந்தீங்க, 2023ல சுப்ரீம் கோர்ட் முடியாதுன்னதும் ஒரு வாரம் என்கூடப் பேசல.

இன்னும் பழசு ஒண்ணு இருக்கு. ஒஹையோவுல ஃபில்பர்ன்னு ஒரு விவசாயி, 11.1 ஏக்கர்ல கோதுமை போடலாம்னு அனுமதி, அவர் 23 போட்டார், கூட விளைஞ்சது சொந்தக் கோழிக்கும் மாட்டுக்கும் வீட்டு மாவுக்கும்னு சொன்னார். 117 டாலர் 11 சென்ட் ஃபைன். 1942ல சுப்ரீம் கோர்ட்டுல தீர்ப்பு சொன்ன ஜட்ஜுங்க எல்லாரும் கவர்மென்ட் பக்கம். அந்தத் தீர்ப்பு இன்னும் நிக்குது. உங்க பின்கட்டுல தக்காளி போட்டிருக்கீங்களே, அத நினைச்சுக்கிட்டுப் படிங்க.

பொங்கலுக்கு வரேன். பதில் எழுதறதுன்னா அதுக்குள்ள எழுதிடுங்க, வந்தப்புறம் அக்கா நம்மள பேச விட மாட்டாங்க. சர்க்கரைப் பொங்கல்ல கிஸ்மிஸ் கம்மியா இருந்துச்சுன்னா மட்டும் மீதி எந்த ரிசர்வுல இருக்குன்னு கேப்பேன், சொல்லி வைங்க.

உங்க மச்சினன்