குழந்தைகளுக்கான மோட்டார் பயணம்: முதலில் வார்டைக் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளுக்கு நிதி திரட்ட சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு மோட்டார் சைக்கிள் பயணம் போக நினைக்கும் மன்றங்களுக்காக இந்தக் கடிதம். இத்தகைய ஏற்பாடுகளில் டீ-சட்டை, பதாகை, பாதை எல்லாம் முடிவான பிறகுதான் வார்டுக்குத் தகவல் போகிறது. வேலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆறு வாரம் முன்பே மன்றத்தினர் இரண்டு பேர் மருத்துவமனையின் மக்கள் தொடர்புப் பிரிவுக்கும் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவுக்கும் கடிதத்தோடு நேரில் போகட்டும். என்ன தேவை என்று குழந்தைகள் வார்டின் தலைமைத் தாதியிடம் பட்டியல் கேட்டு வாங்க வேண்டும். அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்கு மூன்றாம் வகுப்பு வார்டுக் கட்டணம் நாளுக்கு 3 ரிங்கிட்தான். குடும்பத்தை ஒடிப்பது அந்தக் கட்டணம் அல்ல. பிள்ளையோடு அம்மா தங்கினால் அவர் சம்பளம் நின்றுபோகும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 26 வேலைநாளால் வகுத்தால், போகாத ஒவ்வொரு நாளுக்கும் 65 ரிங்கிட் நட்டம். அதற்கு மேல் அப்பா வந்துபோகும் பெட்ரோல், சாப்பாடு, பேம்பர்ஸ். ஆகவே திரட்டும் பணத்தில் பெரும்பங்கு போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் போவதே நியாயம். யாருக்கு எவ்வளவு என்பதைச் சமூகப் பணி அதிகாரி சொல்லட்டும். அவருக்குத்தான் குடும்ப நிலை தெரியும். பேம்பர்ஸ் வாங்கும் முன் அளவைக் கேளுங்கள். நடக்க முடியாத பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் சிறிய அளவு வேண்டியிருக்கும். கைக்குழந்தை அளவையே எல்லாரும் வாங்கிக் குவிப்பதால், இது கிடைக்காமல் போகிறது.

விளையாட்டுப் பொருள் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் புதிதாக, துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய கெட்டியான பிளாஸ்டிக்காக இருக்கட்டும். பஞ்சு பொம்மையில் கிருமி தங்கும். புற்றுநோய் மருந்து ஏறும் பிள்ளையின் உடம்பில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் அது ஆபத்து. பலூன் வேண்டாம், சிலருக்கு ரப்பர் பால் ஒவ்வாது, வெடித்த துண்டு சின்னப் பிள்ளையின் தொண்டையை அடைக்கும். பொத்தான் பேட்டரி உள்ள பொம்மை கூடவே கூடாது. விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். மூன்று வயதுக்குக் கீழ் என்றால், கழிப்பறைத் தாள் உருளையின் துளைக்குள் நுழையும் எதையும் கொடுக்காதீர்கள். வண்ணப் பென்சில், படம் தீட்டும் புத்தகம், நீளமான போன் சார்ஜர் கேபிள் ஆகியவை எந்த வார்டிலும் பயன்படும். பலகாரம் கொண்டுபோக வேண்டாம்: அறுவைச் சிகிச்சைக்காகச் சிலர் வெறும் வயிற்றில் இருப்பார்கள், சிலருக்குப் பத்தியம்.

தெருவில் தகரம் ஏந்தி வசூலிக்க, 1947ஆம் ஆண்டின் வீடுவீடான, தெரு வசூல் சட்டப்படி போலீஸ் உரிமம் வேண்டும். எண்ணும்போது இருவர் இருக்க வேண்டும். பணம் நேராக மன்றத்தின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். நன்கொடைக்கு வருமான வரி விலக்கு கேட்கும் கடைக்காரர்களிடம், 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பின் ரசீதுக்குத்தான் அது உண்டு, சாதாரண மன்ற ரசீதுக்குக் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனி சாலை. செம்மோர் வழியாகப் பழைய கூட்டரசு சாலையில் ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் மோட்டாருக்கு டோல் இல்லை என்றாலும், 110 சிசி கப்சாய் என்ற சின்ன மோட்டாரில் பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு லோரிகளுக்கு நடுவே போவதைவிடப் பழைய சாலையே மேல். ஆனால் அங்கே சமிக்ஞை விளக்குகள் உண்டு. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி விநாடிக்கு 16, 17 மீட்டர் ஓடும். இடம், வலம் என்று மாறி மாறி, குறுக்கே முன்னால் இருப்பவரிடமிருந்து ஒரு விநாடி, நேர் முன்னால் இருப்பவரிடமிருந்து இரண்டு விநாடி இடைவெளி விட்டால், 60 வண்டிகளின் வரிசை ஒரு கிலோமீட்டர் நீளும். அது ஓர் இடத்தைக் கடக்க ஒரு நிமிடம் ஆகும். பச்சை விளக்கு பெரும்பாலும் அவ்வளவு நேரம் எரியாது. நடுவில் வரிசை அறுந்ததும் பின்னால் இருப்பவர்கள் சிவப்பு விளக்கைத் தாண்டத் துணிவார்கள். விபத்து அங்கேதான் நடக்கிறது. ஏழு ஏழு பேராகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் வழி தெரிந்த முதல் வண்டியும் கடைசி வண்டியும் இருக்க வேண்டும். குழுக்களுக்கு இடையே இரண்டு நிமிடம் விடுங்கள். சந்திப்பில் மன்றத்தினர் கைகாட்டிக் கார்களை நிறுத்தக் கூடாது. அது போலீஸின் வேலை. மாவட்டப் போலீஸ் தலைமையகத்துக்குப் பாதை, நேரம், வண்டி எண்ணிக்கை எழுதிக் கொடுத்து உதவி கேளுங்கள்.

குழுவில் ஆகச் சின்ன வண்டி இரண்டாவதாகப் போகட்டும், பெரிய வண்டி கடைசியில் வரட்டும். முன்னால் வேகம் 60இலிருந்து 50க்கு இறங்கினால் கடைசி ஆள் 30 வரை பிரேக் பிடிக்க நேரும். முன்னால் மறுபடி முடுக்கும்போது அவர் 80இல் விரட்டினால்தான் எட்டிப்பிடிக்க முடியும். பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும் பழைய ஹோண்டா இஎக்ஸ்5ஐ அந்த இடத்தில் விடுவது சரியல்ல.

முந்திய மாலையே வண்டிகளைச் சோதியுங்கள். காற்றை டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்குக் கூடுதலாக வேண்டும். சங்கிலி தொய்வு பெரும்பாலான கப்சாய்களுக்கு 25 முதல் 35 மில்லிமீட்டர். அதைவிட இறுக்கினால், ஆள் ஏறியதும் விறைத்துப் பல்சக்கரத்தையும் பேரிங்கையும் தின்றுவிடும். பிரேக் விளக்கு கையில் பிடித்தாலும் காலில் மிதித்தாலும் எரிகிறதா என்று இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். கூட்டத்தில் பின்னால் வருபவருக்கு அதுதான் கண். துணை வேனில் 2.25-17, 2.50-17 டியூப், சங்கிலி இணைப்பு, பிளக், பம்பு இருக்க வேண்டும். எல் உரிமம் (பழகுநர் உரிமம்) உள்ளவர் யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. புறப்படும் முன் பிரமுகர் பேசும்போது எல்லா எஞ்சினும் அணைந்திருக்கட்டும். காற்றில் குளிரும் எஞ்சின் நின்ற இடத்தில் உறுமினால் சூடேறும்.

அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். காலை 7.30க்குப் புறப்பட்டு நண்பகலுக்குள் முடியுங்கள். தோட்டச் சாலை வந்து சேரும் இடங்களில் செம்மண் சேறும் லோரியிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழமும் கிடக்கும். அங்கேயும் வளைவுகளிலும் ஒற்றை வரிசை.

மருத்துவமனை வளாகத்தில் ஹார்ன், எஞ்சின் உறுமல் எதுவும் வேண்டாம். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, வேனோடு ஐந்து பேர் மட்டும் உள்ளே போனால் போதும். சளி, காய்ச்சல் உள்ளவர் போகக் கூடாது. பெற்றோர் சம்மதிக்காமல் பிள்ளையின் முகம் எந்தப் படத்திலும் வரக் கூடாது.

இன்னொன்று, பணமே தேவைப்படாதது. கடுமையான தாலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு முதல் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்கலாம். மன்றத்தை மூன்று குழுவாகப் பிரித்து மாதம் ஒரு குழு போனால், ஆண்டு முழுவதும் இரத்தம் போய்க்கொண்டிருக்கும். எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. பயண நாளன்று மட்டும் கொடுக்காதீர்கள். வெயிலில் தலைசுற்றலோடு மோட்டார் ஓட்ட முடியாது.

இப்படிக்கு,
வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்