காலை வணக்கக் கூட்டத்தில் பாடியவனுக்கு

தம்பி,

உன் பெயரை எழுதவில்லை. ஊரையும் எழுதவில்லை. யாருக்கு எழுதுகிறேன் என்பது உனக்குத் தெரிந்தால் போதும்.

சென்ற வாரம் என் மகனுக்கு மகரக்கட்டு உடைந்தது, பிள்ளைக்குரல் போய் ஆண்குரல் வரத் தொடங்கிவிட்டது. ஆண்டு விழாவில் உன் மடியில் உட்கார்ந்து முறுக்கு தின்றானே, அவன்தான். இப்போது 13 வயது. போனில் "அம்மா" என்றான். யாரோ எண் தவறி அழைக்கிறார்கள் என்று வைத்துவிட்டேன். இரவு சாப்பிடும்போது, "நாளைக்கு வகுப்பில் சத்தமாக வாசிக்க என் முறை வருகிறது. லீவு போடட்டுமா?" என்று கேட்டான். தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். கல்லில் இருந்த தோசை கருகியது.

2016 ஜூலை, திங்கட்கிழமை. மைக் ஸ்டாண்டின் திருகு சரியாகப் பிடிக்காது, அதனால் ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டுதான் நீ பாடுவாய். ஆறாம் வகுப்பிலிருந்தே தமிழ்த்தாய் வாழ்த்து உன்னுடையது. ஒரு நிமிடம்கூட ஆகாத பாட்டு. மேலே ஏற வேண்டிய இடத்தில் உன் குரல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி கீச்சென்று மேலே போனது, மறு பாதி அடித்தொண்டையில் விழுந்தது. முன்வரிசையில் ஒரு பையன் சிரித்தான். பிறகு ஒரு வரிசை. பிறகு மைதானம். நீ நிறுத்தவில்லை. மறு கையால் சட்டையின் இரண்டாவது பொத்தானைத் திருகிக்கொண்டே கடைசி அடிவரை பாடி முடித்தாய். அதன்பிறகு மைக்கை வாங்கி நான் ஒன்று சொன்னேன். நான்கே சொற்கள். அவற்றை இங்கே எழுத மாட்டேன். அதிலிருந்து உனக்கு வந்த பட்டப்பெயரையும் எழுத மாட்டேன். பத்தாம் வகுப்பு முடியும்வரை அந்தப் பெயரில்தான் உன்னைக் கூப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரியாததுபோல் இருந்தேன்.

அன்று என் நாக்கில் சனி. அப்படிச் சொல்லித் தப்பித்துவிடலாம்தான். ஆனால் எனக்கு அறியாமை என்ற சாக்கும் கிடையாது. 2013இல் ஆசிரியர் தகுதித் தேர்வு இரண்டாம் தாள் எழுதித் தேறியவள் நான். 150 மதிப்பெண்ணில் 30 குழந்தை மேம்பாட்டுக்கு, அதுவும் 11 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகளைப் பற்றியது. குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியில் உளவியலாளர் பியாஜே சொன்ன நான்காவது நிலை எந்த வயதில் தொடங்குகிறது என்று கேட்டால் தூக்கத்திலும் விடை சொல்வேன். உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967இல் எழுதியதையும் படித்திருந்தேன். இந்த வயதுப் பிள்ளை, ஊரே தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாக மனத்துக்குள் ஒரு கூட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளும் என்றார் அவர். உனக்கு அந்தக் கற்பனையே தேவைப்படவில்லை. முந்நூறு பேரை நிஜமாகவே நிற்கவைத்து, சிரிக்கச் சொல்லி மைக்கில் அனுமதியும் கொடுத்தேன்.

குரல்வளை திடீரென்று வளர்கிறது. குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. நேற்றுவரை பழகிய கருவி மாறிவிட, புதியதை வாசிக்கத் தொண்டை மறுபடி கற்க வேண்டியிருக்கிறது. அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். அந்தக் காலத்தில் சிறுவர்களை வைத்தே நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிக்காரர்களுக்குக்கூட இது தெரிந்திருந்தது. மகரக்கட்டு உடைந்த பையனைப் பாடும் வேடத்திலிருந்து இறக்கிவிடுவார்கள். அவர்களுக்கு அது பிழைப்புப் பிரச்சினை. எனக்கு என்ன பிரச்சினை? மறுநாளே உன் இடத்தில் ஓர் ஆறாம் வகுப்புப் பெண்ணை நிறுத்தினேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு வகுப்பில் வாசிக்கச் சொன்னபோது நீ வாய் திறக்காமல் நின்றதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு உன் அப்பாவை வரவழைத்தேன். அதற்கு அடுத்தது உனக்குத் தெரியும்.

ஒரு வகுப்பில் 47 பேர் இருந்தீர்கள். முடிக்க வேண்டிய பாடம் மலைபோல் கிடந்தது. வீட்டில் நான்கு வயதுக் குழந்தை. இதையெல்லாம் சமாதானமாகச் சொல்லவில்லை. சரி, சமாதானமாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. போன ஆண்டு அந்தக் கல்யாண மண்டபத்தில் கணக்கு ஆசிரியரின் காலைத் தொட்டுக் கும்பிட்டாய். தினமும் உன் முழங்காலுக்குக் கீழே பிரம்பால் அடித்தவர் அவர். சட்டப்படி அடிக்கவே கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் அடித்தவர். (இதைப் படிக்கும் பழைய சக ஆசிரியர்கள் என்மீது பாய வேண்டாம், நான் யாரையும் புகார் செய்யவில்லை.) இரண்டடி தள்ளி நின்ற என்னைப் பார்த்ததும் பந்திக்கு நேரமாகிவிட்டதுபோல் திரும்பிப் போனாய். அடித்தவரை மன்னித்துவிட்டாய், சிரிக்கவைத்தவளை மன்னிக்க மாட்டாயா? மூன்று ஆண்டு உனக்கு மதியம் உட்கார்ந்து இலக்கணம் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அந்த நான்கு சொற்களில் போய்விட்டதா?

போயிருக்கலாம். என் மகனின் முகத்தைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் கேட்டுவிட்டேன். அழிக்காமல் விடுகிறேன்.

இப்போது எட்டாம் வகுப்பில் யாரையும் தனியாக எழுப்பி வாசிக்கச் சொல்வதில்லை. இருவர் இருவராக வாசிக்கிறார்கள். குரல் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாத இரைச்சல்தான், ஆய்வுக்கு வந்த அதிகாரிக்குப் பிடிக்கவில்லை. சந்தேகங்களைத் துண்டுத்தாளில் எழுதிப் போடச் சொல்கிறேன். பெண்கள் இரண்டு ஆண்டு முன்னதாகவே வளர்ந்துவிடுவதால், ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில் உயரப்படி நின்றால் குட்டையான பையன்கள் கூனிப்போகிறார்கள். அந்த வரிசையையும் நிறுத்திவிட்டேன். வாழ்த்துப் பாட ஆறு பேர். யாருக்காவது குரல் கம்மினால் நடுவில் நிற்கவைக்கிறேன், சுருதியைச் சற்று இறக்கிக்கொள்ளச் சொல்கிறேன். இவ்வளவுதான். பெரிய காரியம் ஒன்றுமில்லை. 2016இலும் இதைச் செய்ய ஒரு பைசா செலவாகியிருக்காது.

உனக்குத் தனியாகவே எழுதியிருக்கலாம். மூன்று முறை எழுதி அழித்தேன். ஊரறிய மைக்கில் சொன்னதற்கு வாட்ஸப்பில் ரகசியமாக மன்னிப்புக் கேட்பது கோழைத்தனமாகப் பட்டது. இப்படி எல்லோர் முன்னாலும் எழுதுவது உன்னை மறுபடி அந்த ஸ்டாண்டுக்கு முன்னால் நிறுத்துவதாக ஆகுமோ என்றும் பயமாக இருக்கிறது. அப்படி ஆகியிருந்தால் ஒரு வரி அனுப்பு, எடுத்துவிடுகிறேன்.

கருத்துப் பெட்டியை மூடிவைத்திருக்கிறேன். உன் வகுப்புத் தோழர்கள் யாராவது இதை உனக்கு அனுப்பிவைப்பார்கள். அன்று முன்வரிசையில் முதலில் சிரித்தவனாகவும் இருக்கலாம்.

உன் தமிழ் டீச்சர்