எத்தனை பேர் என்று எண்ணுகிறோம், என்ன சொன்னார்கள் என்று பார்த்தோமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வாளர்கள் பட்டியல் ஒன்று வெளியானால் போதும், இன்னாருக்கு இத்தனை ஆயிரம் சைட்டேஷன் (அதாவது மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் அவரைக் குறிப்பிட்ட எண்ணிக்கை), அதை வைத்துக் கணக்கிடும் எச்-இண்டெக்ஸ் இன்னாருக்கு இவ்வளவு என்று எல்லா நாளிதழ்களிலும் செய்தி வந்துவிடுகிறது. அவர் எதைக் கண்டுபிடித்தார் என்று மட்டும் செய்தியில் இருப்பதில்லை. நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடைசிப் பத்து ஆண்டுகளில் புத்தகம் எடுத்துக் கொடுத்ததைவிட, ஸ்கோபஸ், கூகுள் ஸ்காலர் போன்ற ஆய்வுக் கட்டுரைத் தேடல் தளங்களில் தேடி ஆசிரியர்களுக்கு இந்த எண்களை எடுத்துக் கொடுத்ததுதான் அதிகம். பதவி உயர்வு விண்ணப்பம் வந்துவிட்டால் என் மேசைக்கு முன்னால் வரிசையே நிற்கும்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் வேதியியல் துறை ஆசிரியை. அவருடைய முக்கியமான கட்டுரை ஒன்றுக்கு 46 மேற்கோள்கள். அன்று மாலை வேறு வேலை இல்லாததால், இந்த 46 பேரும் அப்படி என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாமே என்று, கிடைத்த கட்டுரைகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து, அவர் பெயர் வரும் வாக்கியத்தை மட்டும் தேடிப் படித்தோம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவரும் அவருடைய கூட்டு ஆசிரியர்களும் தங்களையே காட்டிக்கொண்டது. மீதியில் பெரும்பாலானவை முன்னுரையின் இரண்டாவது வரி: "இத்துறையில் பல ஆய்வுகள் நடந்துள்ளன" என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ஏழு முதல் பதினெட்டு வரை எண்களைப் போட்டிருப்பார்கள், அந்தப் பன்னிரண்டில் இவருடையதும் ஒன்று. ஒரு கட்டுரை, இவர் சொன்ன முறையில் செய்து பார்த்தோம், அந்த முடிவு வரவில்லை என்றது. அதுவும் கணக்கில் ஒன்றுதான். கடைசியில் இரண்டே இரண்டு கட்டுரைகள் தேறின. இவருடைய முறையை உண்மையிலேயே உட்கார்ந்து படித்து, குறையைச் சொல்லி, அதைத் திருத்தி இன்னொரு படி மேலே கொண்டுபோயிருந்தார்கள். "சார், எனக்கு இந்த ரெண்டு போதும், ஆனா ஃபாரத்துல இதை எழுத இடமில்லையே" என்றார். ஃபாரத்தில் ஒரே ஒரு கட்டம். 46 என்று எழுதினோம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தமிழில் நாம் இதை மேற்கோள் என்கிறோம். மேற்கோள் என்றால் ஒருவர் சொன்னதை எடுத்துக்காட்டி, அதை வைத்து நாம் ஒன்று சொல்வது. ஆய்விதழ்களில் இன்று நடப்பதில் பாதி அது இல்லை, கல்யாண வீட்டு மொய் மாதிரி, வந்து போனதற்கு அடையாளமாக ஓர் எண்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வேடிக்கை இன்னும் கூடும். அமெரிக்க வழக்கறிஞர்களிடம் 1873 முதலே ஷெப்பர்ட்ஸ் சைட்டேஷன்ஸ் என்று ஓர் அட்டவணை புழக்கத்தில் இருந்தது. ஒரு பழைய தீர்ப்பைப் பிற்கால வழக்குகள் எங்கெல்லாம் குறிப்பிட்டன என்று அது காட்டும். அதோடு, பின்பற்றப்பட்டதா, கேள்விக்குள்ளானதா, தள்ளுபடி ஆனதா என்று ஓர் எழுத்துக் குறியும் பக்கத்தில் போட்டிருக்கும். இருக்காதா பின்னே, தள்ளுபடியான தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனால் வக்கீலின் கதி என்ன? இதைப் பார்த்துத்தான் அறிவியலுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று அமெரிக்கத் தகவலியல் அறிஞர் யூஜின் கார்ஃபீல்ட் 1955-இல் சயின்ஸ் இதழில் எழுதினார். அவர் அங்கே முதலில் சொன்ன காரணமே, மோசடியான, அரைகுறையான, காலாவதியான தரவுகளை யோசிக்காமல் மேற்கோள் காட்டும் பழக்கம் ஒழிய வேண்டும், ஒரு கட்டுரையின் மேல் பின்னால் வந்த விமர்சனத்தை ஆய்வாளர் தேடிப் பிடிக்க வழி வேண்டும் என்பதுதான். அதாவது யார் என்ன சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் கருவி செய்தார். நாமோ, 'யார்' என்பதையும் விட்டோம், என்ன என்பதையும் விட்டோம், எத்தனை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

எண்ணிக்கை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. குழந்தைகளுக்குத் தட்டம்மை முதலியவற்றுக்காகப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு 1998-இல் லான்செட்டில் வந்த வேக்ஃபீல்டின் கட்டுரை 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. அதைத் தவறு என்று காட்ட எழுதியவர்கள் எத்தனையோ பேர், அத்தனையும் அதன் கணக்கில்தான் ஏறியது. இன்னொரு பக்கம், நேச்சர் இதழ் 2014-இல் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட நூறு கட்டுரைகளைத் தொகுத்தபோது முதலிடம் பிடித்தது, ஒரு கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறையைச் சொன்ன லௌரியின் 1951 கட்டுரை. மூன்று லட்சத்துக்கும் மேல். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைச் சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரைக்கு நூறுக்குள் இடமே இல்லை. லௌரியின் கட்டுரை பயனில்லாதது என்று யார் சொன்னார்கள்? ஆயிரக்கணக்கான ஆய்வகங்களில் தினமும் பயன்பட்டது. பயன்பட்டது வேறு, பெரிய கண்டுபிடிப்பு என்பது வேறு, அவ்வளவுதான் விஷயம்.

ஆய்விதழின் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்து அதில் எழுதியவரை மதிப்பிடுவது இதைவிட மோசம். முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருகிற சராசரி அது. ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற ஆய்விதழின் எண் வழக்கமாக 2-ஐ ஒட்டித்தான் இருக்கும். 2009-இல் அது திடீரென்று 49-ஐத் தாண்டியது. காரணம் ஒரே ஒரு கட்டுரை, படிகங்களின் அமைப்பைக் கணக்கிடும் ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி ஷெல்ட்ரிக் 2008-இல் எழுதியது. அந்த மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் எல்லாம் அதைக் குறிப்பிட்டார்கள். அந்த இரண்டு ஆண்டுக் கணக்கு முடிந்ததும் எண் பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அதே இதழில் எழுதியவர்கள் எல்லோரும் திடீரென்று இருபது மடங்கு நல்ல விஞ்ஞானிகள் ஆகிவிட்டார்களா என்ன?

ஏமாற்றுவதைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, ஊரறிந்த கதை. 2010-இல் சிரில் லாபே என்ற பிரெஞ்சு ஆய்வாளர், கணினியே உளறிக்கொட்டிய போலிக் கட்டுரைகளை ஒன்றையொன்று மேற்கோள் காட்டும்படி இணையத்தில் போட்டுவைத்து, ஐக் ஆண்ட்கேர் என்ற இல்லாத மனிதருக்கு கூகுள் ஸ்காலர் தரவில் 94 எச்-இண்டெக்ஸ் வாங்கிக் கொடுத்தார். 94 என்றால், குறைந்தது 94 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 94 இருக்க வேண்டும். நேர்மையாக உழைக்கும் பலருக்கு ஓய்வு பெறும்வரை அதில் கால்வாசிகூட வராது.

சரி, எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எண் வருவதற்கு முன்பு எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். வேண்டியவர், வேண்டாதவர் பார்த்துத் தேர்வு நடந்த காலத்தையும் நான் பார்த்திருக்கிறேன். சிபாரிசுக்கு ஆளில்லாத ஒருவர், என் கட்டுரைகளை உலகத்தில் இத்தனை பேர் எடுத்தாண்டிருக்கிறார்கள் பாருங்கள் என்று எண்ணைக் காட்டி வாதாடி இடம் வாங்கியதும் உண்டு. அதனால் எண் இருக்கட்டும். ஆனால் கணிதத்தில் ஐந்து வருடத்தில் கிடைப்பது மருத்துவத்தில் ஐந்து மாதத்தில் கிடைத்துவிடும் என்பதாவது குழுவில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். அதிகம் மேற்கோள் பெற்றோர் பட்டியலைப் போடும் கிளாரிவேட் நிறுவனமே, எண்ணிக்கையை ஊதிப்பெருக்கும் வேலை கணிதத்தில் சுலபம் என்பதால் 2023-இல் அந்தப் பிரிவைப் பட்டியலிலிருந்து விட்டுவிட்டது.

ஆய்வை எப்படி மதிப்பிட வேண்டும் என்று, 2012-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் பேசி 2013-இல் வெளியிட்ட டோரா பிரகடனமும், 2015-இல் வந்த லெய்டன் அறிக்கையும் இதையெல்லாம் நிதானமாகச் சொல்லிவிட்டன. கையெழுத்துப் போட்ட நிறுவனங்களும் ஏராளம். அப்புறமும் ஃபாரம் மாறவில்லை, அந்த ஒற்றைக் கட்டம் அப்படியேதான் இருக்கிறது. என் யோசனை சின்னது: மொத்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள். உங்கள் ஆய்வை உண்மையிலேயே பயன்படுத்திய அல்லது மறுத்த மூன்று கட்டுரைகளைக் காட்டி, அதில் உங்களைப் பற்றிச் சொன்ன வரியை அப்படியே எழுதுங்கள் என்று கேளுங்கள். விண்ணப்பிப்பவருக்கு ஒரு மாலை வேலை, குழுவுக்கு அரைமணி நேர வாசிப்பு. மறுத்த கட்டுரையைத் தானே எடுத்துக்காட்டும் துணிச்சல் ஒருவருக்கு இருந்தால் அதற்கே தனி மதிப்பெண் போடலாம் என்பேன்.

அந்த வேதியியல் ஆசிரியையின் ஃபைலில், யாரும் கேட்காவிட்டாலும், அந்த இரண்டு கட்டுரைகளின் பக்கங்களை நகலெடுத்து, வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு, கடைசியில் இணைத்து அனுப்பினோம். நேர்காணலில் யாரும் அதுவரை புரட்டவில்லை என்று வந்து சொன்னார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பட்டியல் வரும்போது, அதில் இடம்பிடித்த ஒருவரிடமாவது, உங்களை மேற்கோள் காட்டியவர்கள் உங்களைப் பற்றி என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று உங்கள் நிருபர் ஒரு கேள்வி கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர் ஒருவர்