அகழிக்கு உள்ளே ஒரு கழிப்பறை: வனத்துறை மேலதிகாரிகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய வனத்துறை மேலதிகாரிகளுக்கு,

வணக்கமுங்க.

நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம் கட்டட மேஸ்திரி. என் மகள் உங்கள் துறையில் வனக்காப்பாளர். எந்தச் சரகம், எந்த முகாம் என்று எழுதவில்லை. எழுதினால் இது ஒரே ஒரு முகாமின் குறையாகப் போய்விடும், அவளுக்கும் சங்கடம். ஆனால் பணியாளர்கள் காட்டுக்குள்ளேயே தங்கிக் காவல் காக்கும் வேட்டைத் தடுப்பு முகாம் எப்படி இருக்கும், அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதெல்லாம் நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

போன மாதம் அந்த முகாமில் வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கும் மலைக்காரப் பெரியவர் ஒருவர், விடியற்காலையில் சொம்பை எடுத்துக்கொண்டு, முகாமைச் சுற்றி வெட்டிய அகழியைத் தாண்டி வெளியே போயிருக்கிறார். உட்காரப் போன புதருக்குப் பின்னால் கரடி. எழுந்து ஓடி வந்தவர் அகழிக்குள் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. வயர்லெஸ்ஸில் சொல்லி, ஜீப் வந்து, ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் உச்சிப் பொழுதாகிவிட்டது. எழுதி அனுப்பிய அறிக்கையில் 'பணியின்போது தவறி விழுந்தார்' என்று இருக்கிறதாம். அவர் ஏன் அந்த நேரத்தில் அகழிக்கு வெளியே போனார் என்று அதில் ஒரு வரி இல்லை. அந்த வரியைத்தான் நான் இங்கே எழுதுகிறேன். முகாமில் கழிப்பறை இல்லை, அதனால் போனார்.

எங்கள் கோரிக்கை சிறியது. ஒவ்வொரு வேட்டைத் தடுப்பு முகாமிலும், அகழிக்கு உள்ளே, ஒரு கழிப்பறை கட்டிக் கொடுங்கள். பெண் பணியாளர்கள் தங்கும் முகாம் என்றால் அவர்களுக்குத் தனியாக இன்னொன்று.

யானை உள்ளே வந்துவிடக் கூடாது என்றுதானே முகாமைச் சுற்றி அகழி வெட்டினீர்கள்? உள்ளே படுக்கிறவர்களின் உயிர் முக்கியம் என்று நினைத்துத்தானே வெட்டினீர்கள்? அப்படியானால் தினமும் விடியலிலும் இருட்டிலும், மிருகங்கள் நடமாடும் நேரமாகப் பார்த்து, அதே ஆட்கள் கையில் சொம்போடு வெளியே போக வேண்டியிருப்பதை எப்படி விட்டுவிட்டீர்கள்?

என் மகளைப் பற்றிச் சொல்கிறேன். வனக்காப்பாளர் தேர்வில் பெண்கள் 16 கிலோமீட்டரை 4 மணி நேரத்துக்குள் நடந்து முடிக்க வேண்டும். ஆண்களுக்கு அது 25 கிலோமீட்டர். அவள் அந்த நடையை நேரத்துக்கு முன்பே முடித்தவள். காட்டுக்குள் ரோந்து, கேமரா வைப்பது, காட்டுத்தீ, எதற்கும் அவள் முகம் சுளித்ததில்லை. யானையைப் பார்த்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கவனித்து ஒதுங்கி நிற்க அவளுக்குத் தெரியும். ஆனால் முகாமில் தங்கும் நாளில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அவள் தண்ணீர் குடிப்பதில்லை. நாள் முழுக்க வெயிலில் நடந்துவிட்டு வந்து, தாகத்தை அடக்கிக்கொண்டு படுக்கிறாள். ராத்திரி எழக் கூடாது என்பதற்காக.

அப்படியும் சில ராத்திரி எழ வேண்டியிருக்கிறது. அப்போது ஓர் ஆளை எழுப்ப வேண்டும். தனியாகப் போகக் கூடாது, அது முகாம் கட்டுப்பாடு, நியாயமான கட்டுப்பாடுதான். இப்போது தோள் முறிந்து கிடக்கிறாரே, அந்தப் பெரியவரைத்தான் அவள் எழுப்புவாள். அவருக்கு என்னைவிட வயது அதிகம். டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்து, நாலு பக்கமும் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "போங்கம்மிணி, நான் அந்தப்பக்கம் திரும்பி நின்னுக்கறேன்" என்பாராம். திரும்பி நின்றுகொண்டு சும்மா இருமிக்கொண்டே இருப்பாராம், தான் அங்கேயே நிற்பது இவளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவும், மிருகம் இருந்தால் விலகிப் போகட்டும் என்பதற்காகவும். அந்த மனிதரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அவரை அப்படி நிறுத்தி வைத்திருப்பது யார்? மகள் வயதுப் பெண்ணுக்கு அவரும், அப்பா வயது ஆளுக்கு முன்னால் இவளும், ஒவ்வொரு தடவையும் கூனிக் குறுகி நிற்பது எந்தப் பணி விதியில் வருகிறது?

மாதவிலக்கு நாட்களைப் பற்றி அவள் என்னிடம் சொன்னதில்லை. அவள் அம்மாவிடம் சொன்னாள். அந்த நாட்களில் துணி மாற்றுவதற்கு மறைவாக நான்கு சுவர் இல்லை, போட்டதை எங்கே போடுவது என்றும் தெரியாது. மண்ணில் புதைத்தால் பன்றி தோண்டிவிடும் என்று பையில் சுற்றி, பஸ் ஏறி வீடு வரும்வரை வைத்திருக்கிறாள்.

இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் படுத்துவிட்டாள். தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைப்பதால் வருவது என்று டாக்டர் சொன்னார். "நிறையத் தண்ணி குடிம்மா" என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீதம் இடம் என்று தமிழ்நாடு முன்மாதிரியாக நிற்கிறது. பெருமைதான். வேலையைக் கொடுத்த அரசு, அந்த வேலை நடக்கும் இடத்தில் ஒரு கதவும் நாலு சுவரும் கொடுக்க வேண்டாமா?

இதைப் பற்றிக் கேட்கப் போனபோது ஒருவர் என்னிடம், "ஏனுங், சுத்தியும் காடே கெடக்குது, கக்கூஸ் எதுக்கு?" என்றார். இப்படி நினைப்பவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை என்று தோன்றுவதால் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் காட்டைக் கடந்து போகிறவருக்கு அது சரி. மலையேறுகிறவர்களுக்கே ஒரு முறை உண்டு: தண்ணீரிலிருந்து 200 அடியாவது தள்ளிப் போய், ஆறு முதல் எட்டு அங்குலம் ஆழத்துக்குக் குழி தோண்டி, முடிந்ததும் மூடிவிட வேண்டும். முகாம் அப்படிப்பட்ட இடமில்லை. அங்கே வருடம் முழுக்க நாலைந்து பேர் தங்குகிறார்கள். பயத்தினால் யாரும் தூரம் போவதில்லை, அகழியை ஒட்டியே போகிறார்கள். மழை வந்தால் அது அத்தனையும் இறங்குவது பக்கத்து ஓடைப் பள்ளத்துக்கு. அந்தப் பள்ளத்துத் தண்ணீரைத்தான் முகாமில் குடிக்கிறார்கள், சோறு ஆக்குகிறார்கள். மானும் காட்டெருமையும் குடிப்பதும் அதுதான். காட்டைக் காக்கும் துறைக்கு இது உறுத்த வேண்டும்.

அடுத்தது, காட்டுக்குள் கழிப்பறை கட்டுவது கஷ்டம் என்பது. இது என் தொழில், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செப்டிக் டேங்க் கட்டாதீர்கள். அது நிரம்பினால் லாரி வந்து உறிஞ்ச வேண்டும், முகாமுக்கு அந்த லாரி வராது. கடைசியில் ஓர் ஏழை மனிதனை உள்ளே இறக்குவார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றம் என்று சொல்கிறது. முகாமுக்குத் தோதானது இரட்டைக் குழிக் கழிப்பறை. ஐந்து பேருக்கு, ஒரு மீட்டர் விட்டத்தில், ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆழத்தில் இரண்டு குழிகள். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி. துளை விட்ட சிமெண்ட் உறைகளை இறக்கினால் போதும், அடியில் கான்கிரீட் போடக் கூடாது, ஈரம் மண்ணுக்குள் போக வேண்டும். கழிப்பறைக் கோப்பையிலிருந்து வரும் பைப்பை நடுவில் ஒரு சின்னத் தொட்டியில் பிரித்து, ஒரு குழியை அடைத்து வைத்து, ஒன்றை மட்டும் ஓட்ட வேண்டும். ஏறக்குறைய மூன்று வருடத்தில் அது நிரம்பும். அப்போது அடைப்பை மாற்றி அடுத்த குழிக்குத் திருப்பிவிட வேண்டும். நிரம்பிய குழி இரண்டு வருடம் சும்மா கிடந்தால் உள்ளே இருப்பது மக்கி, வாடையில்லாத எருவாகிவிடும். லாரி வேண்டாம், ஆளை இறக்க வேண்டாம்.

தண்ணீர் பற்றாது என்பார்கள். டவுனில் வைக்கும் கோப்பையை வைத்தால் பற்றாதுதான். சரிவு அதிகமுள்ள கிராமப்புறக் கோப்பை என்று தனியாக இருக்கிறது, அதற்கு ஒன்றரை முதல் 2 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் போதும். பாறையாக இருந்து குழி தோண்ட முடியாத இடம், மழைக்காலத்தில் ஊற்று மேலே வரும் இடம் என்றால், தரைக்கு மேலேயே இரண்டு அறை கட்டி, சிறுநீரைத் தனியாகப் பிரித்துவிட்டு, மலத்தின் மேல் சாம்பல் தூவும் முறை இருக்கிறது. முசிறியில் பொதுக் கழிப்பறையே அப்படிக் கட்டி நடத்தினார்கள். விறகடுப்பு எரியும் முகாமில் சாம்பலுக்குப் பஞ்சமில்லை.

இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். குடிதண்ணீர் எடுக்கும் இடத்துக்கும் குழிக்கும் குறைந்தது 10 மீட்டர் என்பது பொது விதி, காட்டுக்குள் நான் 30 மீட்டர் விடச் சொல்வேன். அப்புறம், குழியும் அறையும் இரண்டும் அகழிக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே கட்டினால் பில் பாஸ் ஆகும், ராத்திரி யாரும் போக மாட்டார்கள். முகாமில் சோலார் இருந்தால் அதிலிருந்து ஒரு பல்புக்கு ஒயர் இழுத்துவிடுங்கள்.

காட்டுக்குள் கட்டட வேலைக்கு அனுமதி கிடைக்காது என்று ஒரு காரணம் சொல்லப்படுகிறது. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டமே, காட்டையும் வன உயிர்களையும் பராமரிப்பதற்கான சோதனைச்சாவடி, வேலி, வயர்லெஸ், பாலம், அகழி, பைப் லைன் போன்ற வேலைகளைத் தனியாக எடுத்துச் சொல்லி விலக்கு கொடுத்திருக்கிறது. முகாம் கட்ட முடிந்த இடத்தில் முகாமுக்கான கழிப்பறையைக் கட்ட எந்தச் சட்டம் குறுக்கே நிற்கும்? நிதி என்றால், தூய்மை இந்தியா திட்டத்தில் ஒரு வீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் கொடுத்தார்கள். இன்றைய விலைக்கு அது பற்றாது, என் கணக்கில் முப்பது, முப்பத்தைந்தாயிரம் ஆகும், காட்டுக்குள் ஏற்றுக்கூலி தனி. ஒரு வரவேற்பு வளைவின் செலவில் எத்தனை முகாம்களுக்குக் கட்டலாம் என்று நான் கட்டியவன் என்ற முறையில் சொல்ல முடியும். புலிகள் காப்பகங்களுக்கென்றே அறக்கட்டளைகள் இருக்கின்றன, சுற்றுலா வருமானம் அங்கே போகிறது. ஒரு ராத்திரி தங்க வரும் சுற்றுலாப் பயணியின் அறைக்குள் வெஸ்டர்ன் கழிப்பறை இருக்கிறது. வருடம் முழுக்கக் காட்டில் கிடப்பவருக்கு ஒரு இந்தியக் கோப்பை இல்லை.

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் வேட்டைக்குக் காட்டில் கூடாரம் போட்டால், மரப்பெட்டிக் கமோடு ஒன்றையும் சுமக்க வைத்துக் கொண்டுபோனார்கள், அதைச் சுத்தம் செய்ய ஓர் ஆளையும் சேர்த்து. அந்த ஆளின் பாட்டை நினைத்தால் அந்த முறை ஒழிந்ததே நல்லது. ஆனால் புலியைச் சுட வந்தவருக்குக் காட்டில் இருந்த வசதி, 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து அதே காட்டில் புலியைக் காக்க நிற்பவருக்கு இன்னும் வரவில்லையே என்பதை என்னால் தாங்க முடியவில்லை. சத்தியமங்கலம் 2013இல் புலிகள் காப்பகமானது, புலிகளைப் பெருக்கியதற்காக 2022இல் சர்வதேச விருதும் வந்தது. எங்கள் பக்கத்துக் காடு என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். அந்தப் புலிகளை ராப்பகலாகக் காத்தவர்கள் இந்த முகாம்களில் படுக்கிறவர்கள்தான்.

சொல்லப்போனால் இது வனத்துறையோடு நிற்கும் விஷயமும் இல்லை. கட்டட வேலை நடக்கும் இடத்தில் கழிப்பறை வேண்டும் என்று 1996ஆம் ஆண்டிலேயே கட்டடத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நான் வேலை பார்த்த எத்தனையோ இடங்களில் ஒவ்வொரு படுக்கையறைக்கும் ஒரு குளியலறை எழும்பும், அதற்குக் கலவை சுமக்கும் சித்தாள் பெண்கள் முள்வேலி ஓரம் ஒதுங்குவார்கள். கட்டச் சொன்னவரிடம் கேட்டால் "நாலு மாச வேலைக்கு எதுக்குங்க?" என்பார். பஸ் ஸ்டாண்டில் இருக்கும், பூட்டியிருக்கும். சந்தைக்குக் காய் கொண்டுவரும் பெண்கள் விடியலிலிருந்து மதியம்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் அடக்கிக்கொள்வார்கள் என்பதை எல்லோரும் ஒரு வசதியாக எடுத்துக்கொண்டுவிட்டோம். அந்த அடக்கத்துக்கு உடம்பு கொடுக்கும் விலையை யாரும் பில்லில் எழுதுவதில்லை.

கோபமாக எழுதிவிட்டேன். பெற்றவன் எழுதுகிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் இளம் வயதில் அதே காட்டில் நடந்து மேலே வந்தவர்கள், இந்தக் கஷ்டத்தைக் கண்ணால் பார்த்தவர்கள். அந்த உரிமையில் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எந்த முகாமில் கழிப்பறை இருக்கிறது, எதில் இல்லை, இருந்தும் எதில் உடைந்து கிடக்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். பெண் பணியாளர்கள் தங்கும் முகாம்களில் முதலில் வேலையைத் தொடங்குங்கள். அங்கே கதவுக்கு உள்தாழ்ப்பாளும், துணி மாற்ற ஒரு திண்ணை இடமும், நாப்கின் எரிக்க நாலு செங்கல் அடுப்பும் இருக்கட்டும். தோள் முறிந்த பெரியவருக்கு மருத்துவச் செலவையும், வேலைக்கு வர முடியாத நாட்களின் சம்பளத்தையும் கொடுங்கள்.

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் முகாம் பாதையில் உறை ஏற்றிய வண்டி போகாது. அதற்கு முன் உத்தரவு வந்தால் இந்த வருடமே முடித்துவிடலாம். நானும் என்னோடு வேலை பார்க்கும் கொத்தனார்கள் மூன்று பேரும் வருகிறோம், எங்களுக்குக் கூலி வேண்டாம். பொருளும் அனுமதியும் நீங்கள் கொடுங்கள். ஒவ்வொரு வேட்டைத் தடுப்பு முகாமிலும், அகழிக்கு உள்ளே, ஒரு கழிப்பறை. அவ்வளவுதானுங்க.

இப்படிக்கு,
வனக்காப்பாளர் ஒருவரின் அப்பா,
கோபிச்செட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.