அந்தப் படம் நம் ஆட்களுக்குத்தான் புரியும்: இளைஞர் மன்றச் செயலவைக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நம் தாமான் (குடியிருப்பு) மண்டபத்தில் மாதம் ஒரு படம் காட்டும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். போன கூட்டத்தில் நான் எழுதிக் கொடுத்த படத்தின் பேரை அடித்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். கோபமில்லை. ஆனால் அடித்ததற்குச் சொன்ன காரணம்தான் மூன்று நாளாகத் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்துகிறது. "பிளேட் ரன்னர் 2049 எல்லாம் கோலாலம்பூர் ஆட்களுக்குச் சரிண்ணே, நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கு எங்க புரியப்போகுது" என்றாராம் ஒருவர். யார் என்று தெரியும், பேர் சொல்லவில்லை.

படத்தின் முதல் காட்சி என்ன தெரியுமா? சாம்பல் நிற வானம், கண்ணுக்கெட்டிய வரை ஒரே மாதிரி வரிசை வரிசையாகக் கொட்டகைகள், நடுவில் தனியாக ஒரு வீடு, உள்ளே வேலை முடித்து வந்து கை கழுவும் ஒரு தோட்டக்காரன். அவன் வளர்ப்பது புழு, நாம் பார்ப்பது செம்பனை, அவ்வளவுதான் வித்தியாசம். லிந்தாங் சாலையில் மோட்டாரில் போகும்போது இரண்டு பக்கமும் செம்பனை வரிசை கண்ணை உருட்டிக்கொண்டே வருமே, அந்த அலுப்பும் அந்த அழகும் அப்படியே அதில் இருக்கிறது. அவனைச் சுட வருகிறவனும் அவன் இனத்துக்காரன்தான்.

கதை இதுதான். வேலை வாங்குவதற்கென்றே மனிதர்களைப் போலச் செய்து, வேறு கிரகங்களுக்கு அனுப்புகிறார்கள். தப்பித்தவர்களைத் தேடிக் கொல்ல ஆள் வைக்கிறார்கள். 1982-இல் ரிட்லி ஸ்காட் எடுத்த முதல் படத்தில் அந்த வேட்டைக்காரர் ஹாரிசன் ஃபோர்ட். வெளிவந்தபோது அது ஓடவில்லை. இரண்டு வாரம் முன்னால் வந்த ஈ.டி. என்ற குட்டி வேற்றுக்கிரகவாசி எல்லாரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அப்புறம் வீடியோவில் பார்த்துப் பார்த்தே அதற்கு ஒரு பக்தர் கூட்டம் சேர்ந்தது. தயாரிப்பாளர்கள் திணித்த பின்னணிக் குரலையும் ஒட்டவைத்த சந்தோஷ முடிவையும் 1992-இல் நீக்கினார்கள், 2007-இல் இயக்குநர் தன் மனசுப்படி கடைசிப் பதிப்பைக் கொடுத்தார். 35 வருசம் கழித்து, 2017-இல் டெனி வில்னவ் எடுத்த தொடர்ச்சியில் வேட்டைக்காரனே செய்யப்பட்டவன். அவனுக்குப் பேர் கூடக் கிடையாது, எண்தான். KD என்று தொடங்கும் எண், சுருக்கமாக 'கே'. தன் ஆட்களைத் தானே வேட்டையாடிவிட்டு வந்து ஒரு வெள்ளை அறையில் உட்காருவான், இயந்திரம் கேள்வி கேட்கும், மனசு கொஞ்சமும் அசையாமல் பதில் சொல்ல வேண்டும், சொன்னால்தான் கூலி. நம்மில் ஒருத்தனைப் பிடித்து நம்மையே மேய்க்க வைப்பதற்குக் கங்காணி என்று பேர் வைத்திருந்த ஆட்கள் நாம். விடிவதற்கு முன்னால் பெரட்டுக்கு (ஆள்கணக்கு எடுக்கும் வரிசைக்கு) நின்று, செக்ரோலில் (கூலிப் பதிவேட்டில்) தோட்டத்து எழுத்தரான கிராணி எழுதியதே பேர் என்று வாழ்ந்த ஆட்கள் நாம். நமக்கா புரியாது?

இன்னொரு இடம் சொல்கிறேன், கதையைக் கெடுக்காத அளவுக்கு. அந்தத் தோட்டக்காரன் வீட்டு முன்னால் பட்டுப்போன ஒரு மரம், விழாமல் கம்பி கட்டி நிறுத்தியிருப்பார்கள். (நம் பக்கத்து ஊர் கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரம் வேலிக்குள் நிற்கிறதே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அதை நட்டபோது யாருக்குத் தெரியும், அதன் வம்சத்துக்காகக் கப்பல் கப்பலாக நம்மை ஏற்றப்போகிறார்கள் என்று.) மரத்தடியில் ஒரு பெட்டி. பெட்டியில் ஒரு பெண்ணின் எலும்பு. எலும்பில் வரிசை எண். அதாவது அவளும் செய்யப்பட்டவள்தான், ஆனால் பிள்ளை பெற்றுச் செத்திருக்கிறாள். வேலைக்குச் செய்த பொருள் பிள்ளை பெறுமா? பெற்றால் அந்தப் பிள்ளை யாருக்குச் சொந்தம், அதற்கு எங்கே பதிவு? கே தேடிப் போவது அந்தப் பதிவைத்தான். 2022-இல் ஒரு பெரும் மின்தடையில் கணினியில் இருந்ததெல்லாம் அழிந்துபோனதாகக் கதை, மிஞ்சியது காகிதம். கடைசியில் ஓர் அநாதை இல்லத்தில் பழைய பதிவேட்டைத் திறக்கிறான். அந்த வருசத்து ஏடுகள் மட்டும் கிழிக்கப்பட்டிருக்கின்றன.

அந்த இடத்தில் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பாட்டி பிறந்தது லயத்து வீட்டில், தொப்புள்கொடி அறுத்தவர் பக்கத்து வீட்டுக் கிழவி, யாரும் போய்ப் பதியவில்லை. சாகும் வரைக்கும் குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டைதான். நான் சின்னப் பையனாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓர் அலுவலகத்தில் நின்றது ஞாபகம் இருக்கிறது. உள்ளே போன ஆள் வெகுநேரம் கழித்து வந்து, அந்த வருசத்து ஏட்டைக் கரையான் தின்றுவிட்டது என்றார். பாட்டி "சரிங்கய்யா" என்று தலையாட்டிவிட்டு எனக்கு ஐஸ்கட்டி வாங்கிக் கொடுத்தார். இந்தக் கதையைச் சொன்னால் நம் தாமானில் பத்து வீட்டில் தலையாட்டுவார்கள். ஆனால் படம் மட்டும் புரியாது, அப்படித்தானே?

சரி, கண்ணுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கண்ணுக்குத்தான் விருந்தே. ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் 13 முறை ஆஸ்கார் பட்டியலில் வந்து வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவர், 14-வது முறை இந்தப் படத்துக்கு வாங்கினார். காட்சி ஜாலத்துக்கும் ஓர் ஆஸ்கார் கிடைத்தது. அதில் எல்லாமே கணினியில் செய்தது என்று நினைக்காதீர்கள், கட்டடங்கள் பலவற்றைச் சின்ன உருவங்களாகக் கையால் செய்து படமெடுத்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் மூழ்கிய ஒரு நகரம் வரும். 2009-இல் சிட்னியை மூடிய புழுதிப்புயலைப் பார்த்துப் பிடித்த நிறம் அது. 2015-இல் புகைமூட்டத்தில் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த நமக்கு அந்த வெளிச்சத்தை யாரும் விளக்க வேண்டாம், மூக்கே சொல்லிவிடும்.

குறையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அண்ணன் கண்மூடி ஆதரிக்கிறார் என்பீர்கள். தெருவெல்லாம் ஜப்பான் எழுத்து மின்னுகிறது, வாய் திறந்து பேசும் கிழக்காசிய முகத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது. பெண்களைக் காட்டிய விதமும் எனக்கு உறுத்தல்தான், அம்மணமாக மலை உயரத்துக்கு ஒரு விளம்பர உருவம் வந்து நிற்கும். அதனால் சின்னப் பிள்ளைகளை அன்றைக்கு அனுப்ப வேண்டாம் என்று வாட்சப்பில் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். மெதுவாகப் போகும் படம் என்பதும் உண்மை, ஏறக்குறைய 163 நிமிடம். 150 மில்லியன் டாலருக்கும் மேல் போட்டு எடுத்து, உலகம் முழுக்க 260 மில்லியன் அளவில் வசூலித்தும், விளம்பரச் செலவெல்லாம் சேர்த்துப் பார்த்தால் தோல்வி என்றுதான் கணக்கு எழுதினார்கள். முதல் படமும் தோல்வி, இதுவும் தோல்வி, குடும்ப வழக்கம் போலிருக்கிறது.

மெதுவாகப் போவதற்குப் பயப்படாதீர்கள். ரப்பர் பால் சேர்வதற்கு மரத்தடியில் காத்திருந்தவர்களின் பிள்ளைகள் பொறுமையாக உட்கார மாட்டார்களா? முதல் படத்தைப் பார்க்காதவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் கதை சொல்கிறேன், மைக்கை மட்டும் கொடுங்கள், பத்து நிமிடம் ஆனால் பிடுங்கிவிடுங்கள். இடைவேளையைப் பதிவேட்டுக் காட்சிக்கு முன்னால் விட்டுவிடாதீர்கள், அதற்கடுத்து உலையிலிருந்து ஒரு சின்ன மரக்குதிரையை எடுப்பான், அங்கே விளக்கைப் போட்டுத் தேநீர் கொடுங்கள், எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசுவார்கள்.

அப்புறம் மண்டபத்து ஜன்னல். போன மாதம் தெருவிளக்கு உள்ளே விழுந்து பாதிப் படம் வெளிறிப்போனது. இந்தப் படத்தில் பாதி இருட்டு, அப்படிக் காட்டினால் ஒன்றும் தெரியாது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி என் செலவு, தையலும் எங்கள் வீட்டில். கைப்பேசியிலிருந்து சுவருக்கு அனுப்புகிற வித்தையெல்லாம் வேண்டாம், படத்தின் நல்ல தட்டு (டிஸ்க்) ஒன்று என்னிடம் இருக்கிறது, திரையின் அடியில் வரும் வசன எழுத்தைப் பெரிதாக வையுங்கள், முன்வரிசையைக் கிழவர்களுக்கு விடுங்கள். திரைச் சுவரில் எப்போதும் ஒரு பல்லி ஓடுமே, அதை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, அது பார்த்துவிட்டுப் போகட்டும்.

அன்புடன்,
மூன்றாவது வரிசை, கடைசி வீட்டு அண்ணன்