ஒற்றைக் கைக்கு ஒரு வீடு

அன்புள்ள தம்பிக்கு,

குழந்தை பிறப்பதற்குள் என்னென்ன வாங்க வேண்டும் என்று பட்டியல் கேட்டிருந்தாய். தருகிறேன், அவசரமில்லை. அதற்கு முன் இன்று ராத்திரி ஒரு காரியம் செய். மூன்று கிலோ எடையை ஒரு பையில் போட்டு இடது தோளில் சாய்த்து அணைத்துக்கொள். விளக்குகளை அணைத்துவிடு. வலது கையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்துக் குடி, அலமாரியிலிருந்து ஒரு துண்டை எடு, குளியலறைக் கதவைத் திறந்து மூடு, குப்பையைப் போடு, போனை சார்ஜில் மாட்டு. எங்கெங்கே தடுமாறுகிறாய் என்று குறித்துக்கொள். உன் பட்டியலில் பாதி அதுதான். குழந்தை பிறந்து முதல் மூன்று மாதம் அந்த வீட்டில் நடமாடப்போகிறவர்கள் ஒற்றைக் கையும் அரைத் தூக்கமுமான இரண்டு பேர். வீடு அவர்களுக்குத் தோதாக இருக்க வேண்டும். குழந்தைக்குத் தேவைப்படுவது கொஞ்சம்தான்.

36-வது வாரத்துக்குள் எல்லாம் முடிந்திருக்கட்டும். டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியன்றே பிறப்பது நூற்றில் நாலைந்து குழந்தைகள்தான். 37-வது வாரத்திலிருந்து எந்த நாளும் அந்த நாளாக இருக்கலாம். சுவருக்கு வண்ணம் அடிப்பதானால் அதுதான் முதல் வேலை. பெயின்ட் வாடையும் புது மரச்சாமான் வாடையும் போக ஜன்னலைத் திறந்துவைத்துச் சில வாரம் காற்றாட விட வேண்டும். பழைய பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். அதில் ஈயம் கலந்திருந்தால் தூசியோடு மூச்சில் போகும். பூனையின் மணல் தட்டைச் சுத்தம் செய்வது இன்றிலிருந்து உன் வேலை, மருமகள் அதைத் தொடவே கூடாது. பூனைக் கழிவில் வரும் டாக்சோபிளாஸ்மா கிருமி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும்.

தொட்டிலுக்கு வருகிறேன். இதில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதே. யாராவது கொடுத்த பழைய தொட்டிலானால் முதலில் கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அள. ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. அளவுநாடா கையில் இல்லையென்றால் குளிர்பானத் தகர டப்பா ஒன்றை நுழைத்துப் பார். நுழைந்தால் அந்தத் தொட்டில் வேண்டாம், உடம்பு வழுக்கிப் போய்த் தலை மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கத்துச் சட்டம் மேலும் கீழும் இறங்குகிற பழைய மாதிரியும் வேண்டாம். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் போகக்கூடாது. மெத்தையை உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் குழி விழாமல் உடனே நிமிர வேண்டும். பெரியவர்கள் தொட்டுப் பார்த்து "ஐயோ, இவ்வளவு கெட்டியாக இருக்கிறதே" என்பார்கள். கெட்டியாகத்தான் இருக்க வேண்டும். மாட்டி முடித்து ஒரு வாரம் கழித்துத் திருகாணிகளை இன்னொரு முறை இறுக்கு. மரம் சற்று அசைந்து கொடுத்திருக்கும்.

தொட்டிலுக்குள் மெத்தை, அதன்மேல் இழுத்துச் செருகிய ஒரே ஒரு விரிப்பு. அவ்வளவுதான். தலையணை, கம்பியைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு, பொம்மை, தளர்வான போர்வை எதுவும் உள்ளே வரக்கூடாது. மூக்கு எதிலாவது புதைந்தால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும், தலையைத் திருப்பிக்கொள்ள அதற்குத் தெரியாது. பகல் தூக்கமானாலும் இரவுத் தூக்கமானாலும் மல்லாக்கத்தான் போட வேண்டும். "எதுக்களித்தால் மூச்சடைக்காதா?" என்று கேட்காதவர் இருக்க மாட்டார்கள். மல்லாந்து படுக்கையில் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கின்றன. மேலே வந்த பால் தன் எடையாலேயே உணவுக்குழலுக்குத் திரும்பிவிடும். குப்புறப் போட்டால் இது தலைகீழ். இதை நீ விளங்கிக்கொண்டால்தான் வருகிறவர்களுக்கு எல்லாம் சண்டையில்லாமல் சொல்ல முடியும்.

தொட்டில் உங்கள் அறையில், உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், குறைந்தது ஆறு மாதம். படுக்கை மட்டும் தனி. இன்னொன்று, பாதி ராத்திரியில் குழந்தையோடு சோபாவில் உட்காராதே. கண்ணயர்ந்தால் குழந்தை மெத்தைக்கும் சாய்மானத்துக்கும் நடுவே இறங்கிவிடும். தூக்கம் தாங்கவில்லை என்றால் சோபாவைவிடக் கட்டில் ஆபத்துக் குறைவு, ஆனால் தலையணையும் போர்வையும் அகற்றியிருக்க வேண்டும். விழித்தவுடன் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிடு.

குளிருமோ என்று அடுக்கடுக்காக உடுத்த வேண்டாம். உனக்கு வேண்டியதைவிட ஒரு உடுப்பு கூட, அவ்வளவு போதும். கையும் காலும் சில்லென்று இருப்பது பிறந்த குழந்தைக்கு இயல்பு, அதை வைத்து முடிவு செய்யாதே. பிடரியைத் தொட்டுப் பார். வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்று. வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பி தேவையில்லை, குழந்தையின் உடம்புச் சூடு தலை வழியாகவும் வெளியேற வேண்டும், மூடினால் உள்ளேயே தங்கிவிடும்.

டயப்பர் மாற்றுவதற்கென்று மேசை வாங்க நினைத்தாயே, வேண்டாம். தரையில் ஒரு கனத்த விரிப்பு போதும். தரையிலிருந்து யாரும் விழுந்ததில்லை. ஒரு கூடையில் பத்து டயப்பர், பஞ்சு, மூடியுள்ள சின்னத் தண்ணீர்ப் பாத்திரம், புண்ணுக்குப் போடும் களிம்பு, இரண்டு சட்டை, அழுக்குக்கு ஒரு பை. உங்கள் வீட்டில் மாடி இருப்பதால் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு கூடை. மாற்றும்போது பழையதைக் கழற்றுவதற்கு முன்னாலேயே புதியதை அடியில் விரித்துவிடு, நடுவில் ஒரு பொழி வந்தாலும் விரிப்பு தப்பிக்கும். பெண் குழந்தையானால் முன்னிருந்து பின்னாகத் துடை, எதிர்த் திசையில் துடைத்தால் கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகும். பையனானால் குறியைக் கீழ் நோக்கி வைத்து ஒட்டு, இல்லையென்றால் இடுப்பு வழியாக நனைந்து சட்டை வரை ஏறும். தொப்புள் காயும் வரை டயப்பரின் மேல்விளிம்பை மடித்துத் தொப்புளுக்குக் கீழே விடு. ஒழுகுகிறது, ஒழுகுகிறது என்று பலர் கம்பெனியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். முக்கால்வாசி நேரம் தொடையைச் சுற்றியிருக்கும் சுருக்கம் உள்பக்கம் மடங்கிக் கிடப்பதுதான் காரணம். ஒட்டி முடித்ததும் விரலை விட்டு அதை வெளியே இழுத்துவிடு.

ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு டயப்பர் ஆகும். ஆனாலும் பிறந்த குழந்தை அளவில் ஒரு பாக்கெட்டுக்கு மேல் வாங்காதே, சில வாரத்தில் பத்தாமல் போய்விடும். முதல் இரண்டு நாள் வரும் மலம் கருப்பும் பச்சையுமாகத் தார்போல் ஒட்டும். முன்கூட்டியே மெல்லியதாகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவியிருந்தால் எளிதாகத் துடைக்கலாம். நாலைந்து நாளில் மஞ்சளாகிவிட வேண்டும்.

பால் போதுகிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது, டயப்பர்தான் கணக்கு. முதல் நாள் ஒன்றாவது நனைய வேண்டும், இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று. ஐந்தாம் நாளிலிருந்து ஆறுக்குக் குறையக்கூடாது. சுவரில் ஒரு தாளை ஒட்டிக் கோடு போட்டுக்கொண்டே வா, மூன்று மணிக்கு மூளை எண்ணாது. முதல் சில நாளில் செங்கல் பொடி போலச் சிவந்த கறை தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஐந்தாம் நாளுக்குப் பிறகும் தெரிந்தால் பால் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டு. எடையும் முதலில் குறையத்தான் செய்யும். நூற்றுக்கு ஏழு வரை குறைவது சாதாரணம், பத்தைத் தொட்டால் கவனிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும்.

பால் கொடுக்கும் நாற்காலி கட்டாயம் வேண்டும். புதிதாக வாங்காதே, கையூன்றும் சட்டம் உள்ள எதுவானாலும் சரி. முழங்கை தாங்கிப் பிடிக்கப்படவில்லையென்றால் நாலு நாளில் தோள் பிடித்துக்கொள்ளும். ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை அங்கே உட்காரப்போகிறாள், தடவைக்கு அரைமணி என்றாலும் கணக்குப் போட்டுப் பார். பக்கம் மாற்றி மாற்றிக் கொடுப்பதால் எந்தக் கை ஓய்வாக இருக்கும் என்று சொல்ல முடியாது, ஆகவே நாற்காலிக்கு இரண்டு பக்கமும் சின்ன மேசை. ஒரு கையாலேயே திறக்கிற தண்ணீர் பாட்டில் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. சார்ஜர் வயர் இரண்டு மீட்டராவது இருக்கட்டும். விளக்கு மங்கலான மஞ்சள், கண் மட்டத்துக்குக் கீழே, நாற்காலிக்குப் பின்னால். கூரை விளக்கைப் போட்டால் குழந்தை பகல் என்று நினைத்து விளையாட வந்துவிடும்.

பாலைப் பீய்ச்சி வைப்பதானால் அறை வெப்பத்தில் நாலு மணி நேரம், ஃப்ரிட்ஜில் நாலு நாள். தேதியும் மணியும் எழுதி ஒட்டு. மைக்ரோவேவில் சூடாக்காதே, மேலே வெதுவெதுப்பாக இருந்தாலும் நடுவில் வாயைச் சுடும் அளவுக்குக் கொதிக்கும். வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினால் போதும்.

குளியலுக்குத் தினமும் அவசரப்படாதே. தொப்புள்கொடி ஒன்றிரண்டு வாரத்தில் தானே உதிரும். அதுவரை ஈரத்துணியால் துடைத்தால் போதும். அதன்மேல் எதையும் பூச வேண்டாம், காய்ந்தால் உதிரும். சுற்றிலும் சிவந்தாலோ நாறினாலோ சீழ் வந்தாலோ உடனே காட்டு. பிறகு தொட்டிக் குளியல் என்றால் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர், ஐந்திலிருந்து எட்டு சென்டிமீட்டர் ஆழம். முழங்கையை நனைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சூடு தெரியக்கூடாது. கருவி வைத்திருந்தால் 37 டிகிரி செல்சியஸ். துண்டும் உடுப்பும் கைக்கெட்டுகிற தூரத்தில் விரித்து வைத்த பிறகுதான் குழந்தையைத் தூக்கு, தண்ணீரில் இருக்கும்போது ஒரு கை அதை விட்டு விலகக்கூடாது. வாட்டர் ஹீட்டரை 49 டிகிரிக்கு மேல் ஓடாதபடி குறைத்து வை.

துணிகளை எல்லாம் முன்பே வாசனையில்லாத சோப்பில் துவைத்துவிடு. காலுறை, கையுறைகளை உள்பக்கம் திருப்பிப் பார். தொங்கும் நூலோ ஒட்டிய தலைமுடியோ கால்விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கும். காரணம் புரியாமல் அழுதால் கால்விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்க வேண்டும் என்பது பலருக்கும் தோன்றாது. சட்டைகளில் முன்பக்கம் திறப்பவையே நல்லது. தோளில் இரண்டு மடிப்பு ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் சட்டையை அழகுக்கு அப்படித் தைத்தார்கள் என்று நினைக்காதே. அழுக்கானால் தலை வழியாக இழுக்காமல் தோளை விரித்துக் கால் வழியாகக் கழற்றுவதற்கு.

மருந்துப் பெட்டியில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம். முதல் மூன்று மாதத்தில் 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காட்டினால் வீட்டில் மருந்து கொடுத்துக் காத்திருக்காதே, நேரே மருத்துவமனை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் உடம்பு மஞ்சளானாலும் அப்படித்தான். ஆறு மாதம் வரை தண்ணீர் வேண்டாம், ஒரு வருஷம் வரை தேன் ஒரு துளிகூட வேண்டாம். பவுடர் போடாதே, அந்தத் தூள் நுரையீரலுக்குப் போகும். சளியிருக்கிறவர்கள் வராமலிருக்கட்டும், வருகிறவர்கள் கை கழுவட்டும், யாரும் முகத்தில் முத்தமிட வேண்டாம். சொல்லும் வேலை உன்னுடையது, அவளைச் சொல்ல வைக்காதே.

அவளைப் பற்றியும் எழுத வேண்டும். பிள்ளைக்குச் செய்கிற ஏற்பாட்டில் அம்மாவை மறந்துவிடுவார்கள். பிரசவத்துக்குப் பின் நாலிலிருந்து ஆறு வாரம் உதிரப்போக்கு இருக்கும், குளியலறையில் பேடும் மாற்றுத் துணியும் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டும்படி வை. அறுவைச் சிகிச்சையானால் குழந்தையைவிடக் கனமான எதையும் அவள் தூக்கக்கூடாது, எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவா. ஒரு மணி நேரத்துக்குள் பேட் முழுக்க நனைந்தாலோ, தலை விண்விண் என்று தெறித்தாலோ, கண் மங்கினாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ அன்றே ஆஸ்பத்திரி. பிரசவம் முடிந்து ஒரு வருஷம் வரைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுவாள், அது தானாகத் தணியும். இரண்டு வாரத்துக்குப் பிறகும் அழுகை நிற்கவில்லை, தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை என்றால் டாக்டரிடம் அழைத்துப் போ. ராத்திரியைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொருவருக்கும் விடாமல் நாலு மணி நேரத் தூக்கம் கிடைக்கிற மாதிரி. பால் கொடுப்பது அவள், மற்ற எல்லாம் உன்னால் முடியும்.

அழுகை ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போகும். பசி, ஈரம், சூடு எல்லாம் பார்த்தும் நிற்காமல் உன் பொறுமை போகிறது என்றால் தொட்டிலில் மல்லாக்கப் போட்டு, கதவைச் சாத்தி, பத்து நிமிஷம் வெளியே நின்றுவிட்டு வா. அழுவதால் ஒன்றும் ஆகாது. ஆத்திரத்தில் ஒரே ஒரு முறை உலுக்கினாலும் மூளையில் ரத்தம் கசியும்.

பட்டியலில் அடிக்க வேண்டியவை: தலையணை, பஞ்சுத் தடுப்பு, ஷூ, மாற்றும் மேசை, துடைப்பான் சூடாக்கும் மின்கருவி. காரில் அழைத்து வருவதானால் பின்னோக்கிப் பார்க்கும் கார் சீட்டை இப்போதே பொருத்திப் பழகு. வார் தோளோடு ஒட்டியிருக்க வேண்டும், விரலால் கிள்ளினால் துணி சிக்கக்கூடாது.

பையோடு நடந்து பார்த்துவிட்டு எங்கே மாட்டிக்கொண்டாய் என்று எழுது.

அன்புடன்,
அம்மா

பி.கு.: உங்கள் படுக்கையறைக் கதவில் உருண்டைப் பிடி இருக்கிறது. குழந்தையோடு அதைத் திருக முடியாது, முழங்கையால் அழுத்தித் திறக்கிற நீட்டுப் பிடியாக மாற்று. கீலுக்கும் ரெண்டு சொட்டு எண்ணெய் விடு, போன முறை கிறீச்சிட்டது.